கடைசியில் ஒரு ‘டி’

“ஃபைலு இங்கதான இருக்குதுங்க தம்பி? அப்புறம் எதுக்கு இல்லைன்னு சொல்லுது?”

கேட்டவர் கோயம்புத்தூரில் கட்டட வரைபடங்கள் போடும் ஒரு சின்ன ஆபீஸின் மூத்த டிராஃப்ட்ஸ்மேன். பலகையில் காகிதம் ஒட்டி, ஸ்கேல் பிடித்து வரைந்து பழகி, அப்புறம் கணினியில் வரையும் ஆட்டோகேடுக்கு மாறியவர். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில், மானிட்டரின் இடது பாதியில் ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தார். வலது பாதியில், ஆட்டோகேடுக்குள் ஓடுவதற்காக நான் எழுதிக் கொடுத்த பிளகின் என்ற துணை நிரல் துப்பிய பிழைச் செய்தி. எந்த டி.எல்.எல்லை, அதாவது நிரலின் துண்டு ஒன்று இருக்கும் ஃபைலை, காணவில்லை என்று வலது பக்கம் சொன்னதோ அதே டி.எல்.எல் இடது பக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. “ஒரு நிமிஷம்ணா, பார்த்துடலாம்” என்றேன். அந்த ஒரு நிமிஷம் இரண்டரை நாள் ஓடியது.

எத்தனையோ பிழைகளைச் சரிசெய்து மறந்திருக்கிறேன். இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த இடத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியும் அதுதான். புரோகிராமர் என்ற மிதப்பில் நான் அதைக் கேட்கவே இல்லை. ‘இது வழக்கமா வர்ற எரர்தான்’ என்று பதில் சொல்லப் போய்விட்டேன்.

பிளகின் செய்யும் வேலை பெரிய மாயமெல்லாம் இல்லை. பீம், தூண் டீடெய்லில் வரைந்த கம்பிகளைத் தேர்ந்தெடுத்தால் பார் பெண்டிங் ஷெட்யூல், அதாவது எந்தக் கம்பியை எப்படி வளைத்து எவ்வளவு நீளம் வெட்டுவது என்ற பட்டியல், போட்டுத் தரும். கம்பி வளைப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2502-இல் உள்ள வளைவு வகைகளை வைத்துக் கட்டிங் லென்த் கணக்கிடும். மில்லிமீட்டரில் கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்து மீட்டருக்கு எத்தனை கிலோ என்று பார்க்கும். 12 மில்லி கம்பிக்கு 0.889, 16 மில்லிக்கு 1.58. சைட் இன்ஜினியர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் கணக்கு. இந்தக் கணக்கின் அடித்தளத்தை நான் பல வருடம் முன்பு வேறொரு வேலைக்காக சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியிருந்தேன். நன்றாகச் சோதித்த நிரல். அதைத் தூக்கிப் போட்டு சி ஷார்ப்பில் மறுபடி எழுத மனசு வரவில்லை. அதனால் நடுவில், இரண்டு மொழிகளையும் இணைக்கும் சி பிளஸ் பிளஸ் சி.எல்.ஐ-யில் ஒரு உறை தைத்து, அதற்கு மேலே சி ஷார்ப்பில் ஆட்டோகேட் கட்டளைகளை எழுதினேன். ஆக மூன்று மாடி. ஆட்டோகேடுக்குத் தெரிவது மேல்மாடி மட்டும். அது நடுமாடியைக் கூப்பிடும், நடுமாடி கீழ்மாடியைக் கூப்பிடும்.

என் மெஷினில் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஜிப் போட்டு அனுப்பினேன். அவர்கள் பிளகினை ஏற்றும் நெட்லோட் கட்டளையைக் கொடுத்தபோது ஆட்டோகேட் முணுமுணுக்கக்கூட இல்லை, ஏற்றிக்கொண்டது. கட்டளையை டைப் செய்து என்டர் தட்டியதும்தான் அந்தப் பெட்டி வந்தது. ‘குட் நாட் லோட் ஃபைல் ஆர் அசெம்ப்ளி’ என்று ஆரம்பித்து, மேற்கோள் குறிக்குள் நடுமாடி டி.எல்.எல்லின் பெயர், அப்புறம் ‘ஆர் ஒன் ஆஃப் இட்ஸ் டிபென்டன்சீஸ்’, அப்புறம் ‘த ஸ்பெசிஃபைட் மாட்யூல் குட் நாட் பி ஃபவுண்ட்’, கடைசியில் வால் மாதிரி ஒரு நீண்ட எண். இத்தனையில் என் கண் போய் நின்ற இடம் மேற்கோள் குறிக்குள் இருந்த அந்தப் பெயர் ஒன்றுதான்.

போனில் பார்த்த வைத்தியம்

முதல் நாள் முழுக்கப் போனில். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வரிசை மனப்பாடமாகத் தெரியும். இணையத்திலிருந்து இறங்கிய ஜிப் என்பதால் விண்டோஸ் அதன்மேல் ஒரு முத்திரை குத்தியிருக்கும். ப்ராப்பர்ட்டீஸ் போய் அன்பிளாக் டிக் அடியுங்கள் என்றேன். அடித்தார்கள். பிளகினை எல்லோருக்கும் பொதுவான நெட்வொர்க் டிரைவில் வைத்திருந்தார்கள்; பிளகினை ஓட்டும் .நெட் ஃப்ரேம்வொர்க், நெட்வொர்க்கிலிருந்து வரும் அசெம்ப்ளியை (.நெட்டில் டி.எல்.எல்லுக்கு அந்தப் பெயர்) ஏற்ற முரண்டு பிடிக்கும் என்பதால் சி டிரைவுக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். 2014 பதிப்பிலிருந்து ஆட்டோகேடில் செக்யூர்லோட் என்று ஒரு காவல்காரன் உண்டு. அவன் நம்பும் இடங்களின் பட்டியலான டிரஸ்டட் பாத்ஸில் ஃபோல்டரைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்டோகேடை மூடித் திறக்க வேண்டும், ஏனென்றால் நெட்லோடில் ஒருமுறை ஏறிய டி.எல்.எல்லை இறக்க வழியில்லை. மூடித் திறந்தார்கள். அதே பெட்டி.

இதில் எதுவும் தவறான யோசனை கிடையாது. மூன்றுமே உண்மையான நோய்களுக்கு உண்மையான மருந்து. ஆனால் அந்த மூன்று நோய்களும் வந்தால் செய்தி வேறு மாதிரி இருக்கும். நெட்வொர்க் பிரச்சினை என்றால் நெட்வொர்க் இடம் என்றே செய்தியில் எழுதியிருக்கும். அதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. காய்ச்சல் என்று சொன்னதும் நாடி பார்க்காமல் மாத்திரை எழுதுகிற வேலை.

சாயங்காலம் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கட்டளை ஓடும் மெத்தடுக்குள் (நிரலின் ஒரு செயல்பகுதி) முழுக்க, வரும் பிழையைப் பிடிக்கும் ட்ரை கேட்ச் போட்டு, பிழையின் உள்விவரத்தையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும்படி மாற்றி அனுப்பினேன். டெக்ஸ்ட் ஃபைல் உருவாகவே இல்லை. கேட்ச் பிடிக்கவில்லை. இது என்னடா கூத்து என்று ராத்திரி உட்கார்ந்து யோசித்ததும்தான் உறைத்தது. ஒரு மெத்தடை முதன்முதலாக ஓட விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் நேரத்தில்தான், அதில் வரும் வகைகளுக்கான டி.எல்.எல்லை .நெட் தேடிப் போகும். அங்கேயே தடுக்கிவிட்டால் மெத்தடின் முதல் வரிகூட ஓடாது. வாசலுக்கு வெளியே நடந்த திருட்டுக்கு வீட்டுக்குள் கட்டிய நாய் எப்படிக் குரைக்கும்? ட்ரை கேட்சைக் கூப்பிடும் மெத்தடில் போட வேண்டும், உள்ளே போடக் கூடாது. நெட்லோட் சமயத்தில் ஆட்டோகேட் ஒன்றும் சொல்லாததற்கும் இதே காரணம்தான். அப்போது யாரும் நடுமாடியைக் கேட்கவில்லை.

இடம் மாற்றி அனுப்பினேன். டெக்ஸ்ட் ஃபைல் வந்தது. உள்ளே அதே வாக்கியம். சரி, நேரில் போக வேண்டியதுதான் என்று மறுநாள் காலை கிளம்பினேன்.

ஏற்கெனவே பார்த்த முகம்

பைக்கில் போகும்போது பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. கல்லூரி முடித்த புதிதில் ஆட்டோகேடுக்கு வி.பி.ஏ. என்ற நிரல்மொழியில் மேக்ரோ எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வேறொரு மெஷினில் திறந்தால் ‘கான்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி’ என்று சொல்லி, ‘லெஃப்ட்’ என்ற சொல்லை நீலத்தில் குறித்துக் காட்டியது. லெஃப்ட் என்பது ஒரு வாக்கியத்தின் இடது பக்கத்திலிருந்து சில எழுத்துகளை வெட்டித் தரும் சாதாரண ஃபங்ஷன், வி.பி.ஏ. பிறந்ததிலிருந்து அதோடு இருப்பது. அதைப் போய்க் காணவில்லை என்கிறதே என்று குழம்பி, லெஃப்டை எடுத்துவிட்டு மிட் வைத்து அதே வேலையைச் செய்தேன். இப்போது மிட்டை நீலத்தில் காட்டியது. இந்த விளையாட்டை இன்னும் நாலைந்து ஃபங்ஷன் வரை நீட்டித்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உண்மையில் ரெஃபரன்சஸ் பட்டியலில், அந்த மெஷினில் இல்லாத ஒரு ஆட்டோகேட் பதிப்பின் டைப் லைப்ரரிக்கு நேராக ‘மிஸ்ஸிங்’ என்று எழுதியிருந்தது. ஒரு டிக்கை எடுத்துவிட்டு, இருக்கிற பதிப்புக்கு டிக் அடித்ததும் லெஃப்டும் மிட்டும் வீடு திரும்பின. பட்டியலில் ஒன்று உடைந்ததும் எடிட்டருக்கு மற்றப் பெயர்களைத் தேடிப் போகவும் முடியவில்லை. எந்தப் பெயரில் கால் இடறியதோ அதைக் காட்டிவிட்டது. இடறிய இடம் வேறு, காணாமல் போன பொருள் வேறு.

ஆட்டோகேடின் இன்னொரு நிரல்மொழியான ஆட்டோலிஸ்ப் காலத்திலும் இதே முகம்தான், வேறு சட்டை. விலாக்ஸ் என்று தொடங்கும் ஃபங்ஷன்களைக் கூப்பிடுகிற லிஸ்ப் ஒன்று என் மெஷினில் ஓடும், பக்கத்து சீட்டில் ‘நோ ஃபங்ஷன் டெஃபனிஷன்’ என்று நிற்கும். முதல் வரியில் விஎல்-லோட்-காம் போட மறந்திருப்பேன். அப்படியானால் என் மெஷினில் எப்படி ஓடியது? ஆட்டோகேட் திறந்ததும் தானாக ஏறும் என்னுடைய இன்னொரு லிஸ்ப் அந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும். ஒரு செஷனில் ஒருவர் செய்தால் போதும், எல்லோருக்கும் பலன். அடுத்த வீட்டுத் தண்ணீரில் என் தோட்டம் பச்சையாக இருந்தது, எனக்கே தெரியாமல்.

இதையெல்லாம் யோசித்தவன் ஆபீஸை அடைவதற்குள் விஷயத்தைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அனுபவம் என்பது நேரத்துக்குக் கைகொடுக்கும் என்று சொல்பவர்களுக்கு எப்படிப்பட்ட அனுபவமோ தெரியவில்லை.

எட்டில் ஒன்று

அங்கே எட்டு மெஷின். எல்லாவற்றிலும் ஒரே ஆட்டோகேட் 2022, ஒரே விண்டோஸ் 10. வரிசையாக ஏழில் முயன்று ஏழிலும் அதே பெட்டி. சி பிளஸ் பிளஸ் நிரல்கள் ஓடத் தேவையான நூலகங்களின் தொகுப்பான விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இறக்கி ஒவ்வொன்றிலும் போட்டேன். ஏற்கெனவே இருக்கிறது, ரிப்பேர் செய்யட்டுமா என்று கேட்டது. செய் என்றேன். பலனில்லை. இது எனக்குப் பெரிய அடி, ஏனென்றால் சி பிளஸ் பிளஸ் கலந்த எதுவும் வெளி மெஷினில் ஓடவில்லை என்றால் பத்தில் எட்டுத் தடவை இந்த மருந்தில் கேட்டுவிடும் என்பது என் நம்பிக்கை.

அடுத்து டிபென்டன்சி வாக்கர் என்ற பழைய கருவியை பென்டிரைவிலிருந்து எடுத்தேன். ஒரு டி.எல்.எல்லைக் கொடுத்தால் அது யார் யாரை நம்பியிருக்கிறது என்று மரம் மாதிரி விரித்துக் காட்டும். அதன் கடைசிப் பதிப்பு 2006-இல் வந்தது. அதற்கப்புறம் விண்டோஸ் தன் உள்கட்டமைப்பில் ஏ.பி.ஐ. செட் என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அந்தப் பெயர்களில் உண்மையான ஃபைல் இருக்க வேண்டியதில்லை. இந்தக் கிழவருக்கு அது தெரியாது. ஏபிஐ-எம்எஸ்-வின் என்று தொடங்கும் பெயர்களை வரிசையாகச் சிவப்பில் காட்டி, இதுவும் இல்லை, அதுவும் இல்லை என்று புலம்பினார். ஒன்றைத் தேடிப் போனவனுக்குக் காணாமல் போனவை இத்தனை என்று பட்டியல் கிடைத்தால் எப்படி இருக்கும்? மத்தியானம் வரை அதிலேயே போனது. அந்தச் சிவப்புக் கூட்டத்தில் நான் தேடிய பெயரும் கண்டிப்பாக இருந்திருக்கும். பார்க்கவில்லை.

இதற்கிடையில் அங்கிருந்த ஒரு பையன் ஆர்வக்கோளாறில், டி.எல்.எல் தனித்தனியாக இறக்கித் தரும் ஏதோ ஒரு தளத்தைத் திறந்து, “சார், இங்க எல்லா டி.எல்.எல்லும் கெடைக்குது, சிஸ்டம்32-ல போட்டுப் பார்க்கலாமா?” என்றான். அந்த வேலையை மட்டும் வாழ்க்கையில் செய்யாதே என்று கும்பிட்டுச் சொன்னேன். எவன் எந்தப் பதிப்பில் என்ன கலந்து வைத்திருக்கிறான் என்று தெரியாத பொருளை விண்டோஸின் இதயத்துக்குள் போடுவது, ரோட்டில் கிடந்த சிரிஞ்சை எடுத்து ஊசி போட்டுக்கொள்வது மாதிரி.

எட்டாவது மெஷினில் ஓடியது.

மூலையில், ஜன்னல் பக்கம். பெரிதாக ஒன்றும் விசேஷமில்லாத மெஷின். நெட்லோட், கட்டளை, கம்பிகளைத் தேர்ந்தெடுத்தேன், ஷெட்யூல் வந்து விழுந்தது. ஏழு மெஷினில் ஓடாதபோது வந்த எரிச்சலைவிட எட்டாவதில் ஓடியபோது வந்த எரிச்சல்தான் அதிகம். “இதுல யாரு உக்காருவாங்க?” என்று கேட்டேன். போன வருடம் இன்டர்ன்ஷிப்புக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்தாளாம். புரோகிராம் மெனுவைத் திறந்து பார்த்தேன். விஷுவல் ஸ்டுடியோ, நான் புரோகிராம் எழுதும் அதே மென்பொருள். காலேஜ் ப்ராஜெக்டுக்காகப் போட்டிருந்தாளாம், யாரும் எடுக்கவில்லை.

என் மெஷினில் ஓடுகிறது, இவள் மெஷினில் ஓடுகிறது, மற்ற ஏழில் ஓடவில்லை. இரண்டுக்கும் பொது விஷுவல் ஸ்டுடியோ. இவ்வளவு தூரம் வந்தும் மண்டையில் விளக்கு எரியவில்லை. ஏதோ ஒன்றை அது கூடவே கொண்டுவந்து போட்டிருக்கிறது என்பது வரைக்கும்தான் போனேன். அந்த ஏதோ ஒன்று எது என்று பார்க்க, ஓடாத மெஷின் ஒன்றில் பிராசஸ் மானிட்டரைத் திறந்தேன். அந்த மெஷினில் ஓடும் எல்லா நிரல்களும் எந்த ஃபைலை எப்போது தொட்டன, கிடைத்ததா இல்லையா என்று ஒவ்வொரு தொடுகையையும் எழுதிக் காட்டும் கருவி. ஆட்டோகேடின் பிராசஸ் மட்டும், டி.எல்.எல்லில் முடியும் பாதைகள் மட்டும் என்று வடிகட்டிவிட்டு, கட்டளையை ஓட்டினேன். வரிகள் கொட்டின.

இந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியாவிட்டால் இதுவும் டிபென்டன்சி வாக்கர் மாதிரிதான் குழப்பும். ‘நேம் நாட் ஃபவுண்ட்’ என்று நூறு வரி இருக்கும், அதில் முக்கால்வாசி நிரபராதி. விண்டோஸ் ஒரு டி.எல்.எல்லை ஒவ்வொரு இடமாகத் தேடும்: ஆட்டோகேடின் ஃபோல்டர், சிஸ்டம்32, விண்டோஸ் ஃபோல்டர், பாத் என்ற பட்டியலில் எழுதிய ஃபோல்டர்கள் என்று. முதல் இரண்டில் இல்லாமல் மூன்றாவதில் கிடைத்தால் இரண்டு ‘நாட் ஃபவுண்ட்’, ஒரு ‘சக்சஸ்’. அதில் பிரச்சினை இல்லை. எந்தப் பெயருக்குக் கடைசி வரை ஒரு சக்சஸ்கூட இல்லையோ அதுதான் ஆள். அப்படி ஒரு பெயர் இருந்தது. அடுத்தடுத்து ஒன்பது பத்து ஃபோல்டர்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, கடைசியில் ஓய்ந்திருந்தது. விசிரன்டைம்140 என்று படித்தேன்.

“அட, இது ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்ல வர்றதுதானே! காலையிலதானே போட்டேன்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சிஸ்டம்32-ஐத் திறந்து காட்டினேன். விசிரன்டைம்140.டிஎல்எல், இதோ இருக்கிறது. இருக்கிறதை இல்லை என்கிறது. மறுபடியும் முதல் நாள் அவர் கேட்ட கேள்வியிலேயே வந்து நின்றேன், இந்த முறை கேட்டது நான்.

அண்ணன் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பட்டியலை ஒரு விரலால் தொட்டு, சிஸ்டம்32 ஜன்னலை இன்னொரு விரலால் தொட்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் டிராயிங் செக் பண்ணும்போது செய்வதும் இதேதான்.

“தம்பி, இதுல கடைசியில ஒரு டி இருக்குதுங்க. அதுல இல்லை.”

ஏ, பி, சிக்கு அடுத்து வரும் டி. விசிரன்டைம்140டி.

“எங்க டிராயிங் நம்பர்லயும் கடைசியில இப்படித்தான் ஏ பி சி டி போடுவோம். ரிவிஷன் சி வேற, டி வேறங்க. பாக்கறதுக்கு ஒண்ணு மாதிரியே இருக்கும். சி-யை எடுத்துட்டுப் போயி டி-க்கு கம்பி வெட்டுனா அவ்வளவுதான்.”

யார் மேல் தப்பு

அந்த டி என்றால் டீபக். புரோகிராம் எழுதும்போது தவறு தேட வசதியாக இருக்கும்படி கட்டும் கட்டுமானம் டீபக். வெளியே கொடுக்கக் கட்டுவது ரிலீஸ். டீபக் கட்டுமானம் நம்பியிருக்கும் டி போட்ட நூலகங்கள் விஷுவல் ஸ்டுடியோவோடு மட்டும்தான் வரும். ரீடிஸ்ட்ரிபியூட்டபிளில் வராது, மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கவும் உரிமம் கிடையாது. ஆகவே நான் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை நூறு தடவை போட்டிருந்தாலும் நூறு தடவையும் தோற்றிருப்பேன். இன்டர்ன் பெண்ணின் மெஷினில் மட்டும் ஏன் ஓடியது என்பதற்கும் இதுவே விடை.

ஆனால் நான் ரிலீஸ்தானே கட்டினேன்? லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். மேலே பட்டையில் ரிலீஸ் என்றுதான் இருந்தது. உள்ளே கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்தால் மூன்று ப்ராஜெக்டில் இரண்டுக்கு ரிலீஸ், நடுமாடிக்கு மட்டும் டீபக். எப்போதோ ராத்திரி ஒரு பிழையைத் துரத்தும்போது அதை மட்டும் மாற்றிவிட்டு, திருப்பி வைக்க மறந்திருக்கிறேன். மேல் பட்டையில் காட்டுவது மொத்த சொல்யூஷனின் பெயர்ப் பலகை. உள்ளே ஒவ்வொரு ப்ராஜெக்டும் என்ன செய்கிறது என்பது வேறு. மாற்றிக் கட்டினேன், பென்டிரைவில் போட்டேன், ஏழு மெஷினிலும் ஓடியது. பத்து நிமிஷம் ஆகவில்லை. டீ வந்தது.

டீ குடித்துக்கொண்டே அந்தப் பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி படித்தேன். இவ்வளவு நாளும் இதைப் பொய் சொல்லும் செய்தி என்றுதான் நினைத்திருந்தேன். வரிக்கு வரி உண்மை. இந்த டி.எல்.எல்லை, ‘அல்லது அது நம்பியிருக்கும் ஒன்றை’ ஏற்ற முடியவில்லை என்கிறது. எந்த ஒன்று என்று சொல்லாததுதான் அதன் குறை, ஆனால் அதற்கும் துப்பு வாலில் இருக்கிறது. நீண்ட எண்ணின் கடைசி இரண்டு இடத்தை ஹெக்ஸ் என்ற பதினாறடிமான முறையிலிருந்து சாதாரண எண்ணாக மாற்றினால் 126. விண்டோஸில் 126 என்றால் மாட்யூல் இல்லை. .நெட் தேடும் அசெம்ப்ளியே காணோம் என்றால் பெரும்பாலும் 2 வரும், ஃபைல் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இப்படிக் கலந்து கட்டிய டி.எல்.எல்லில் 126 வந்தால், பெயர் சொன்ன ஃபைல் கையில் கிடைத்துவிட்டது, அதைத் திறந்து உள்ளே போனபோது அதன் .நெட் அல்லாத நேட்டிவ் துணை ஒன்று கிடைக்கவில்லை என்று படிக்கலாம். 32 பிட்டையும் 64 பிட்டையும் கலந்தால் வருவது இன்னொரு எண். முதல் நாளே வாலைப் படித்திருந்தால் அன்பிளாக்கும் டிரஸ்டட் பாத்தும் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் டம்ப்பின் என்று விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, டி.எல்.எல்லின் பெயரைச் சொல்லி டிபென்டன்ட்ஸ் கேட்டால் நேரடியாக நம்பியிருப்பவை எவை என்று நாலு வரியில் சொல்லும். என் மெஷினிலேயே, வீட்டை விட்டு நகராமல் பார்த்திருக்கலாம். அந்த டி அங்கேயே இருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இதற்கு நேர் எதிரான கூத்து என்பதால். ஆட்டோகேட் பிளகின் எழுதுபவர்கள் அக்டிபிஎம்ஜிடி, அக்எம்ஜிடி, 2013 பதிப்பிலிருந்து அக்கோர்எம்ஜிடி என்று ஆட்டோகேடின் சொந்த டி.எல்.எல்கள் மூன்றை ரெஃபரன்ஸ் சேர்ப்போம். அவற்றில் காப்பி லோக்கல் என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். மறந்தால் அவற்றின் நகல் நம் ஃபோல்டரில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஆட்டோகேடுக்குள் ஏற்கெனவே ஓடும் அசலோடு மோதி, விளங்காத பிழையெல்லாம் வரும். அங்கே இல்லாததைத் தேடினால் எதுவும் கிடைக்காது. இருக்கக் கூடாததைத் தேட வேண்டும். அதில் நான் வீணாக்கிய நாட்கள் தனிக் கணக்கு.

சுத்தமான லேப்டாப்

இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். அதில் விண்டோஸ், ஆட்டோகேட், வேறொன்றும் இல்லை. விஷுவல் ஸ்டுடியோ கிடையாது, எந்தக் கருவியும் கிடையாது. எதையாவது போடக் கை துறுதுறுக்கும்போதெல்லாம் அடக்கிக்கொள்கிறேன். புரோகிராம் எழுதுகிறவன் மெஷின் கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி. எதைக் கேட்டாலும் கிடைக்கும், அதனால் எது பட்டியலில் விட்டுப்போனது என்று தெரியவே தெரியாது. வெளியே அனுப்பும் எதையும் அந்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்புவதில்லை என்று ஒரு விரதம்.

விரதம் போன மாதம்வரை காப்பாற்றியது. பிளகினில் கம்பி வகைகளைச் சேமிக்க எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகத்தைச் சேர்த்திருந்தேன். சுத்தமான லேப்டாப்பில் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டு ஓட்டினேன், ஓடியது. அண்ணன் ஆபீஸுக்கு மட்டும் இன்ஸ்டாலராகக் கட்டி அனுப்பினேன். அந்த இன்ஸ்டாலரை எங்கும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஃபோல்டரைத்தான் சோதித்தாயிற்றே, அதே சரக்குதானே என்ற தைரியம்.

மறுநாள் பத்தரை மணிக்குப் போன். எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“தம்பி, இந்தத் தடவை டி இல்லைங்க. நான் பாத்துட்டேன்.”

“என்னண்ணா ஆச்சு?”

“அந்த மானிட்டர் சாஃப்ட்வேரை நீங்க அன்னிக்கு எடுக்காம போயிட்டீங்க. அதைத் தொறந்து பாத்தேன். எஸ்க்யூலைட் இன்டராப்னு ஒண்ணைத் தேடுது. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க, அன்னிக்கு ‘நேம் நாட் ஃபவுண்ட்’னு இருந்துச்சு. இன்னிக்கு ஒரு வரியில மட்டும் ‘பாத் நாட் ஃபவுண்ட்’னு போட்டிருக்குது. எக்ஸ் 64-னு ஒரு ஃபோல்டருக்குள்ள போயித் தேடுதுங்க. அந்த ஃபோல்டரே இங்க இல்லையே தம்பி?”

இன்ஸ்டாலர் ஸ்கிரிப்டைத் திறந்தேன். மேல் ஃபோல்டரில் உள்ள டி.எல்.எல்களை மட்டும் எடு என்று எழுதியிருந்தது.